மரப்பட்டையில் வரையப்பட்ட காணி உறுதி

காணி உறுதி என்றால் என்னவென்று நம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை. ஊரைவிட்டு ஓடிய வேளைகளில் பாத்திரம் பண்டங்களைப் போட்டது போட்டபடி விட்டு, உறுதியை மட்டும் மடியிற் கட்டிக்கொண்டு புறப்பட்டவர்கள் நம்மிடையே பலர். நான்கு எல்லைகளும் பரப்பும் உரிமை வந்த வழியும் எழுதப்பட்ட அந்தத் தாள் கையில் இருக்கும்வரை காணி தம்மை விட்டுப் போகாது என்பது அவர்களின் நம்பிக்கை.

தமது உரிமையை ஒருபோதும் தாளில் எழுதி வைத்திராத ஒரு மக்கட் கூட்டத்திடம், காணிக்கு உறுதி எங்கே என்று கேட்டால் அவர்கள் எதைக் காட்டுவார்கள்? அவுஸ்திரேலியாவின் வடகோடியில் வாழும் யோல்ங்கு மக்களுக்கு 1963ஆம் ஆண்டில் இந்த நிலை ஏற்பட்டது. அவர்கள் மரப்பட்டையில் ஓவியம் வரைந்து காட்டினார்கள். அதை வாசிக்க அரசுக்குத் தெரியவில்லை. எட்டு ஆண்டுகளின் பின் நீதிமன்றமும் அவர்களின் உரிமையை ஏற்க மறுத்தது. தம் பிள்ளைகளும் அந்த ஓவியத்தை வாசிக்கத் தெரியாதவர்களாக வளர்ந்துவிட்டால் காணி உண்மையாகவே போய்விடும் என்று உணர்ந்த அந்த மக்கள், தமது பாடசாலையையே மாற்றியமைக்க முற்பட்டனர். அந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிலமும் உறவும்

அவுஸ்திரேலியாவின் வட பிரதேசத்தில் உள்ள பெரும் நிலப்பகுதி ஆர்னெம் லாண்ட். 1931ஆம் ஆண்டில் இது ஆதிக்குடிகளுக்கென ஒதுக்கப்பட்ட பிரதேசமாக அறிவிக்கப்பட்டது. அதன் வடகிழக்கு முனையில், கோவ் குடாநாட்டின் கரையோரம் யிர்க்கலா என்னும் ஊர் உள்ளது. மெதடிஸ்த திருச்சபையார் 1935இல் இங்கு ஒரு மிஷன் நிலையத்தை நிறுவினர். அதற்கு முன்னரும் பின்னரும் இந்த நிலம் யோல்ங்கு குலங்களுக்கே உரியதாக இருந்து வந்தது.

வெளியுலகம் அறியாத மக்கள் என்று இவர்களைக் கருதுவது தவறு. குறைந்தது 18ஆம் நூற்றாண்டு தொடக்கம் சுலவேசித் தீவின் மக்காசார் மாலுமிகள் ஆண்டுதோறும் பருவக்காற்றோடு பாய்மரக் கலங்களில் இக்கரைக்கு வந்து, கடலட்டை பிடித்து, அவித்து, உலர்த்திக்கொண்டு திரும்பினர். அந்தக் கடலட்டை சீனச் சந்தைக்குச் சென்றது. 1907ஆம் ஆண்டளவில் அரசாங்கம் இந்த வரவைத் தடுத்து நிறுத்தியது. வெள்ளையரைக் குறிக்க யோல்ங்கு மக்கள் இன்றும் வழங்கும் 'பலண்டா' என்ற சொல், மக்காசார் வழியாக வந்த ஒல்லாந்தர் பெயரேயாகும்.

யோல்ங்கு உலகம் துவா, யிரிட்ஜா என்னும் இரு பாதிகளாக வகுக்கப்பட்டது. மனிதர் மட்டுமன்றி மரம், மீன், காற்று, நீர்நிலை, பாட்டு, ஓவியம் யாவும் இவற்றுள் ஒன்றைச் சார்ந்தவை. ஒரு பாதியைச் சேர்ந்தவர் மறு பாதியிலேயே மணம் செய்ய வேண்டும். பிள்ளை தந்தையின் குலத்தைச் சேரும். ஆயினும் தாயின் குலத்து நிலத்தைப் பராமரிக்கும் பொறுப்பும் அப்பிள்ளையையே சாரும். அந்த நிலத்தில் சடங்கு முறைப்படி நடக்கிறதா, ஓவியம் பிழையின்றி வரையப்படுகிறதா, காட்டுக்குத் தீயிடும் காலம் சரியானதா என்று பார்ப்பது அந்தப் பிள்ளையின் கடமை. இந்தத் தாய்-பிள்ளை உறவுக்கு 'யோத்து யிண்டி' என்று பெயர். ஆக, ஒவ்வொரு காணிக்கும் உரியவரும் உண்டு, காப்பவரும் உண்டு. ஒருவர் இன்றி மற்றவர் முடிவெடுக்க இயலாது.

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகவும், அந்நிலத்து மரம், பறவை, விலங்கு ஆகியவற்றைக் கருப்பொருளாகவும், மாந்தர் ஒழுக்கத்தை உரிப்பொருளாகவும் ஒன்றோடொன்று பிணைத்துக் கண்ட தமிழர்க்கு இந்தச் சிந்தனை முற்றிலும் அந்நியமானதன்று. நமக்கு அது பெரும்பாலும் இலக்கிய மரபாக நின்றது. யோல்ங்கு மக்களுக்கு அது நாளாந்தம் நடைமுறையில் உள்ள சட்டம்.

ஓவியம் ஒரு பாடம்

ஓவியத்துக்கான பட்டை மாரிகாலத்தில் உரிக்கப்படும். அப்போது மரத்தில் நீரோட்டம் மிகுதியாதலால் பட்டை இலகுவாகக் கழன்றுவரும். நார்ப்பட்டையுடைய ஒருவகை யூகலிப்டஸ் மரமே இதற்கு ஏற்றது. உரித்த பட்டையை நெருப்பில் வாட்டி, பாரம் ஏற்றித் தட்டையாக்குவர். செங்காவி, மஞ்சட்காவி, வெண்களி, கரி ஆகியனவே நிறங்கள். நுண்ணிய கோடுகளை இழுப்பதற்கு மனிதத் தலைமயிர்கள் சிலவற்றைக் குச்சியிற் கட்டிய தூரிகை பயன்படும். மெல்லிய கோடுகள் ஒன்றன்மேலொன்று குறுக்கும் நெடுக்குமாகச் செல்ல, பட்டை ஒளிவீசுவது போலத் தோன்றும்.

எந்த மரம், எந்தக் காலம், எந்த இடத்துக் களிமண் என்று தெரியாமல் ஓவியத்தைத் தொடங்கவே முடியாது. நிறத்தைத் தேடிச் செல்லும் சிறுவன் தன் நிலத்தைச் சுற்றி வருகிறான். அது முதற்பாடம்.

இரண்டாவது பாடம் கோலத்தைப் பற்றியது. 'மிஞ்ஜி' எனப்படும் புனிதக் கோலங்கள் ஒவ்வொன்றும் ஒரு குலத்துக்கும் ஒரு குறிப்பிட்ட இடத்துக்கும் உரியவை. உதாரணமாக, குமாட்ஜ் குலத்தாரின் சாய்சதுரக் கோலம் நெருப்பைக் குறிப்பது. சிவப்பு தணலையும் வெண்மை புகையையும் சாம்பலையும் கருமை கரியையும் சுட்டும். பாரு என்னும் ஆதி முதலை நெருப்பைச் சுமந்து சென்ற வழியும், அந்நெருப்பில் அதன் முதுகு வெந்த கதையும் அக்கோலத்துள் அடங்கும். நன்னீர் எங்கே உவர்நீரோடு கலக்கிறது, பாறை எங்கே நீருள் மறைந்துள்ளது என்பனவும் இத்தகைய கோலங்களில் உண்டு. உரிமையற்ற ஒருவர் அக்கோலத்தை வரைதல், பிறருடைய கையொப்பத்தை இடுவதற்கு ஒப்பான குற்றம்.

எனவே ஒரு பிள்ளைக்கு ஓவியம் பழக்குவது என்பது, இது யாருடைய நிலம், அங்கே உனக்கு என்ன உறவு, என்ன கடமை என்பவற்றைப் பழக்குவதாகும்.

1963: பாராளுமன்றத்துக்குச் சென்ற பட்டை

கோவ் குடாநாட்டின் மண் செந்நிறமானது. அலுமினியத்தின் மூலப்பொருளாகிய பொக்சைற் அங்கு பெருமளவில் உண்டு. 1963 மார்ச் மாதத்தில் அவுஸ்திரேலிய அரசாங்கம், சுரங்க வேலைக்காக 300 சதுர கிலோமீற்றருக்கும் மேற்பட்ட நிலத்தை ஒதுக்கப் பிரதேசத்திலிருந்து பிரித்தெடுத்தது. அங்கு வாழ்ந்த மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கப்படவில்லை.

அக்காலத்திலேயே யிர்க்கலாவின் புதிய தேவாலயத்துக்கென இரு பெரும் ஓவியப் பலகைகள் வரையப்பட்டன. 12 அடி உயரமான அப்பலகைகளில் ஒன்றைத் துவாக் குலத்து மூத்தோரும் மற்றையதை யிரிட்ஜாக் குலத்து மூத்தோரும் வரைந்தனர். கிறிஸ்தவ பீடத்தின் இருபுறமும் தமது நிலவுரிமையை அவர்கள் நிறுத்தி வைத்தனர் எனலாம். 1970களில் அப்பலகைகள் தேவாலயத்திலிருந்து அகற்றப்பட்டன. பின்னர் மீட்கப்பட்டு, இன்று யிர்க்கலாவின் புக்கு லார்ங்கை கலை நிலையத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் இம்மக்கள் கன்பராவிலுள்ள பாராளுமன்றத்துக்கு மனு அனுப்பினர். தமது மொழியிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு செய்யப்பட்ட தாள் நடுவில் ஒட்டப்பட்டிருந்தது. அதைச் சுற்றிப் பட்டையின் விளிம்பெங்கும் அந்நிலத்துக்கும் கடலுக்கும் உரிய கோலங்கள் வரையப்பட்டிருந்தன. தமக்குத் தெரியாமல் முடிவெடுக்கப்பட்டது, அந்நிலம் தமது வேட்டைக்கும் உணவுக்கும் இன்றியமையாதது, அங்கே புனித இடங்கள் உள்ளன, ஆகவே தமது குரலைக் கேட்க வேண்டும் என்பதே மனுவின் சாரம். ஆகஸ்ட் 14ஆம் திகதியும் 28ஆம் திகதியும் இம்மனுக்கள் சபையில் சமர்ப்பிக்கப்பட்டன.

கையொப்பமிட்டவர்கள் உண்மையில் மக்களின் பிரதிநிதிகள்தானா என்ற ஐயம் அரசுத் தரப்பில் எழுப்பப்பட்டது. யோல்ங்கு மரபின்படி உண்மையான கையொப்பம் தாளில் இருந்த பெயர்களில் இல்லை, அதைச் சுற்றியிருந்த கோலங்களிலேயே இருந்தது. அதை வாசிக்க அங்கே எவருமில்லை. ஆயினும் விசாரணைக் குழுவொன்று அமைக்கப்பட்டது. புனித இடங்கள் காக்கப்பட வேண்டும், நட்டஈடு தரப்பட வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. சுரங்கம் நிற்கவில்லை. பின்னர் நபல்கோ நிறுவனத்துக்குக் குத்தகை வழங்கப்பட்டது.

மக்கள் நீதிமன்றம் சென்றனர். 1971 ஏப்ரலில் நீதிபதி பிளாக்பேர்ன் தீர்ப்பு வழங்கினார். இம்மக்களிடம் நுட்பமான சட்டமுறை ஒன்று உண்டு என்பதை அவர் ஏற்றுக்கொண்டார். நிலத்தோடு அவர்களுக்குள்ள ஆன்மீகப் பிணைப்பையும் ஏற்றுக்கொண்டார். ஆனால் அந்தப் பிணைப்பு ஆங்கிலச் சட்டம் அறிந்த சொத்துரிமை ஆகாது என்று கூறி வழக்கைத் தள்ளுபடி செய்தார்.

அத்தீர்ப்பு எழுப்பிய அதிர்ச்சியே விசாரணை ஆணைக்குழுவுக்கும், 1976ஆம் ஆண்டின் வட பிரதேச ஆதிக்குடிகள் நிலவுரிமைச் சட்டத்துக்கும் வழிவகுத்தது. ஆர்னெம் லாண்ட் சட்டப்படி அதன் மக்களின் உடைமையாயிற்று. ஏற்கெனவே வழங்கப்பட்ட சுரங்கக் குத்தகை மட்டும் அப்படியே நீடித்தது.

பாடசாலை வெளியே வருகிறது

நிலம் சட்டத்தில் திரும்பி வந்தது. அதை அறிந்த பிள்ளைகள் இருப்பார்களா என்ற கேள்வி அப்பொழுதுதான் கூர்மையடைந்தது. மிஷன் காலத்திலும் அதன் பின்னரும் வகுப்பறையில் ஆங்கிலமே ஆட்சி செய்தது. சுரங்கத்துக்காக எழுந்த நூலன்பை நகரம் மதுவையும் பணத்தையும் கொண்டு வந்தது. 1970களின் தொடக்கத்தில் பல குடும்பங்கள் யிர்க்கலாவை விட்டுத் தத்தம் குலத்து நிலங்களுக்கே திரும்பிச் சென்று சிற்றூர்களை அமைத்தன. அதே காலத்தில் கன்பராவின் புதிய அரசு ஆதிக்குடிகளின் பாடசாலைகளில் இருமொழிக் கல்விக்கு இடமளித்தது.

1980களில் யிர்க்கலாவின் யோல்ங்கு ஆசிரியர்களும் மூத்தோரும் ஒன்றுகூடிப் பாடத்திட்டத்தைத் தமது கையில் எடுத்தனர். அவர்களுள் முதன்மையானவர் மண்டவுய் யுனுப்பிங்கு. ஆர்னெம் லாண்ட் ஆதிக்குடிகளுள் முதன்முதலிற் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர் அவரே. 1990இல் யிர்க்கலாப் பாடசாலையின் அதிபரானார். 'யோத்து யிண்டி' என்ற இசைக்குழுவின் பாடகராக உலகம் அவரை அறியும். அவர் முதலில் ஓர் ஆசிரியர் என்பது பலர் அறியாதது. மொழியியலாளரும் ஆசிரியையுமான ரேமட்ஜா மரிக்காவும் இம்முயற்சியில் பெரும் பங்காற்றினார்.

அவர்கள் உருவாக்கிய முறைகளுள் ஒன்று 'கல்த்தா ரோம்'. கல்த்தா என்பது ஒரு சடங்குக்கு முன் உரியவர்கள் கூடிப் பேசி ஒழுங்குசெய்தலைச் சுட்டும். ரோம் என்றால் சட்டம், ஒழுக்கநெறி. மூத்தோர் ஓரிடத்தைத் தெரிவு செய்வர். மாணவரும் ஆசிரியரும் அங்கு செல்வர். அந்த இடத்தின் பெயர், அதன் உரியவர், காப்பவர், ஒவ்வொரு பிள்ளைக்கும் அதனோடுள்ள முறை, அதன் பாட்டு, அதன் கோலம், அங்கு வளரும் கிழங்கு, கிடைக்கும் மீன் ஆகியவற்றைக் கண்டும் கேட்டும் செய்தும் பயில்வர். மூத்தோரே ஆசிரியர், பட்டம் பெற்ற ஆசிரியர்கள் அவர்களுக்கு உதவியாளர். பின்னர் வகுப்பறைக்குத் திரும்பிக் கண்டவற்றை எழுதுவர், வரைவர், வரைபடமாக்குவர்.

மேனாட்டு அறிவை அவர்கள் ஒதுக்கவில்லை. 'கன்மா' என்ற உவமையால் அதை விளக்கினர். நிலத்திலிருந்து வரும் நன்னீரும் கடலிலிருந்து ஏறும் உவர்நீரும் ஒரு களப்பில் சந்திக்கின்றன. கலக்கும் இடத்தில் நுரை எழுகிறது. இரு நீரும் தத்தம் தன்மையை இழப்பதில்லை. இரு அறிவுகளும் சமபலத்தோடு சந்திக்க வேண்டும் என்பதே இதன் கருத்து. கணிதத்தையும் இவ்வாறே அமைத்தனர். எண்களின் ஒழுங்கு ஒருபுறம், தலைமுறை தலைமுறையாகத் திரும்பத் திரும்ப வரும் உறவுமுறையின் ஒழுங்கு மறுபுறம் என இரண்டையும் மாணவர் ஒப்பிட்டுக் கற்றனர்.

1992இல், மூத்தோரின் வழிகாட்டலில் திமுர்ரு என்ற நிலப் பராமரிப்பு நிறுவனமும் யிர்க்கலாப் பகுதியில் தோன்றியது. நிலவுரிமைப் போராட்டத்தின் தந்தையாகப் போற்றப்படும் ரோய் மரிக்கா அதன் தோற்றத்துக்கு முன்னின்றவர்களுள் ஒருவர். கரையொதுங்கும் கைவிடப்பட்ட மீன்வலைகளை அகற்றுதல், அவற்றிற் சிக்கிய ஆமைகளை விடுவித்தல், வெளியிலிருந்து வந்து பெருகிய மஞ்சள் எறும்புகளை அழித்தல் முதலான பணிகளை அதன் நிலக்காவலர்கள் செய்து வருகின்றனர்.

முதலையின் தலை

1996ஆம் ஆண்டில் நடந்த ஒரு சம்பவம் இந்தக் கல்வியின் பெறுமதியை வெளியுலகுக்கு உணர்த்தியது. நீலச்சேற்று விரிகுடா என்று பொருள்படும் புளூ மட் பேயின் கரையில், பாருவின் புனித இடமாகிய கராங்கலியில், அனுமதியின்றிக் கொடுவா மீன் பிடிக்க வந்தோர் தங்கிய பாசறை ஒன்றை யோல்ங்கு முதியவர் ஒருவர் கண்டார். அங்கே ஒரு சாக்கினுள் வெட்டப்பட்ட முதலைத் தலை கிடந்தது.

நம்மில் ஒருவரின் கோவிலுள் இத்தகைய செயல் நடந்தால் எழக்கூடிய சீற்றத்தை ஊகிக்கலாம். அம்மக்கள் மீண்டும் பட்டையை உரித்தனர். 47 ஓவியர்கள் 80 பட்டைகளில் தத்தம் குலத்துக் கடலை வரைந்தனர். நிலம் போலவே கடலுக்கும் பெயரும் எல்லையும் உரியவரும் உண்டு என்பதை அவை காட்டின. அவ்வோவியங்கள் நாடெங்கும் காட்சிக்கு வைக்கப்பட்டன. இன்று அவை சிட்னியிலுள்ள அவுஸ்திரேலிய தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் உள்ளன.

தொடர்ந்து நடந்த வழக்கு 2008 யூலை 30ஆம் திகதி உயர் நீதிமன்றத்தில் முடிவுற்றது. ஆதிக்குடிகளின் நிலத்தின்மேல் ஏறி இறங்கும் கடல்நீரில் மீன்பிடிப்பதற்கு அந்நிலத்தவரின் அனுமதி வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. வட பிரதேசக் கரையோரத்தின் ஏறத்தாழ 80 வீதத்துக்கு இது பொருந்தும். நீதிபதிகள் 1976ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு விளக்கம் கூறியே இம்முடிவுக்கு வந்தனர் என்பது உண்மை. ஆனால் அந்தச் சட்டம் பிறந்ததற்கும் இந்த வழக்கு எழுந்ததற்கும் தொடக்கத்தில் இருந்தவை பட்டை ஓவியங்களே.

மீண்டும் ஒரு தடை, மீண்டும் ஒரு வழி

அதே 2008ஆம் ஆண்டின் ஒக்டோபர் மாதத்தில், பாடசாலைகளில் நாளொன்றின் முதல் நான்கு மணி நேரமும் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்பட வேண்டும் என்று வட பிரதேச அரசு அறிவித்தது. பரீட்சைப் பெறுபேறுகள் குறைவாக இருப்பதே காரணம் என்றனர். கடல் தமதென்று தீர்ப்புப் பெற்ற சில மாதங்களுக்குள், அந்தக் கடலின் பெயர்களைச் சொல்லித்தரும் மொழிக்குப் பாடசாலையில் இடமில்லை என்ற நிலை தோன்றியது. யிர்க்கலா மக்கள் இதைக் கடுமையாக எதிர்த்தனர். சில ஆண்டுகளின் பின் அந்தக் கொள்கை கைவிடப்பட்டது.

2013இல் யிர்க்கலா உட்பட ஆர்னெம் லாண்டின் சில ஊர்களில், 'நிலத்தின்மேற் கற்றல்' என்று பொருள்படும் திட்டமொன்று தொடங்கியது. பாடசாலையும் நிலக்காவலரும் மூத்தோரும் இதில் இணைந்து செயற்படுகின்றனர். மேல்வகுப்பு மாணவர்கள் நிலக்காவலருடன் கரையோரம் செல்கின்றனர். குப்பைகளைச் சேகரித்து வகைப்படுத்தி எண்ணுகின்றனர், நீரைச் சோதிக்கின்றனர், விலங்கின் தடங்களைப் பதிகின்றனர். மூத்தோரிடம் அந்த இடத்தின் பெயரையும் கதையையும் கேட்கின்றனர். எந்தப் பூ பூத்தால் கடலில் எந்த மீன் கொழுத்திருக்கும் என்ற அறிவும், கணினியில் தரவு பதியும் அறிவும் ஒரே நாளில் ஒரே பிள்ளைக்குக் கிட்டுகின்றன. அரச அங்கீகாரமுள்ள தொழிற்சான்றிதழும் வழங்கப்படுவதால், படித்து முடித்தவர்கள் தம் நிலத்திலேயே நிலக்காவலராக ஊதியம் பெற்று வாழ வழியுண்டு.

எல்லாம் சீராகிவிட்டன என்று சொல்வதற்கில்லை. வறுமையும் நோயும் இளவயது மரணமும் இந்த ஊர்களை இன்னும் வாட்டுகின்றன. மண்டவுய் யுனுப்பிங்கு சிறுநீரக நோயால் 2013இல் தமது 56ஆவது வயதில் மறைந்தார். 1963இல் மனு வரைந்த மூத்தோர் பலர் இன்று இல்லை. 1971ஆம் ஆண்டு வழக்கில் இளைஞராக நின்று மொழிபெயர்த்த அவருடைய அண்ணன் கலருவேய் யுனுப்பிங்கு, சுரங்கத்துக்காகப் பறிக்கப்பட்ட நிலத்துக்கு நட்டஈடு கோரி 2019இல் புதிய வழக்கொன்றைத் தொடுத்தார். 2023 ஏப்ரலில் அவரும் காலமானார். 2025 மார்ச் 12ஆம் திகதி உயர் நீதிமன்றம் அவருடைய குலத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. ஆதிக்குடிகளின் உரிமையை அழித்தமைக்கு நீதியான நட்டஈடு வழங்கும் கடப்பாட்டிலிருந்து மத்திய அரசு தப்ப இயலாது என்பதே அதன் பொருள். மனு வரைந்து 62 ஆண்டுகள் சென்றிருந்தன.

அந்த 62 ஆண்டுகளில் வழக்கு நிலைத்து நின்றதற்குச் சட்டத்தரணிகளின் திறமை ஒரு காரணம். ஒவ்வொரு தலைமுறையிலும், 'இது எங்கள் எல்லை, இது அதன் கோலம், இது அதன் பெயர்' என்று நிலத்தில் நின்று காட்டக்கூடிய பிள்ளைகள் இருந்தது மற்றொரு காரணம். முன்னையது பணத்தாற் பெறக்கூடியது. பின்னையதைப் பெற்றோரும் மூத்தோரும் பாடசாலையுமே தரமுடியும்.

இந்த வரலாறு நமக்கு இரண்டு விடயங்களை உணர்த்துகிறது. நாம் தஞ்சமடைந்து வாழும் அவுஸ்திரேலியாவும் கனடாவும் வெறும் நிலங்களாக இருந்து நமக்குத் தரப்பட்டவை அல்ல; அவை யாரோ ஒருவரின் முதுசக் காணி. அந்த உண்மையை அறிந்து, அம்மக்களை மதித்து வாழ்வது, காணி இழந்து வந்த நமக்குப் பிறரிலும் பார்க்க அதிகம் பொருந்தும்.

மற்றையது நமது பிள்ளைகளைப் பற்றியது. வார இறுதித் தமிழ் வகுப்புகளில் எழுத்தும் இலக்கணமும் படிப்பிக்கிறோம். நல்லதே. ஆனால் பெட்டியின் அடியில் நாம் காத்து வைத்திருக்கும் உறுதியில் வடக்கெல்லை ஒழுங்கை என்றும், கிழக்கெல்லை பூவரச வேலி என்றும் எழுதியிருக்கும். அந்த ஒழுங்கை எங்கே போகிறது, பூவரசின் இலை எப்படியிருக்கும், கிணற்றை யார் வெட்டினார்கள், பக்கத்து வளவு நமக்கு என்ன முறை என்பவற்றை அறியாத பிள்ளையின் கையில் அந்த உறுதி ஒரு பழைய தாளாகவே இருக்கும். யிர்க்கலாவின் முதியோரைப் போலப் பிள்ளைகளை நிலத்துக்கே அழைத்துச் செல்லும் வாய்ப்பு நம்மில் எல்லோருக்கும் இல்லை. ஆயினும் பேத்தாவும் பேத்தியும் இருக்கும்போதே ஒரு தாளை விரித்து, வீட்டையும் வளவையும் ஊரையும் பிள்ளைகளைக் கொண்டு வரைவித்து, ஒவ்வொன்றின் பெயரையும் எழுதுவிக்க நம்மால் முடியும். அதற்குப் பாடசாலையோ அரசின் அனுமதியோ வேண்டியதில்லை. இந்த வார இறுதியிலேயே தொடங்கலாம்.